மலையிலிருந்து போட்டி பிரிட்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் பற்றிக் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எளியதிலிருந்து சிக்கலானது வரை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறது. மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை, அதனால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

எனக்கு ரம்மியும் 28-உம் நன்றாக வரும். பிரிட்ஜும் அந்த மாதிரிதானே?

ரம்மி உதவாது, 28 என்ற சீட்டாட்டம் உதவும். எதிரே உட்காருபவர் பார்ட்னர், போட்ட சூட்டிலேயே (இஸ்பேடு, டைமன் போன்ற வகை) சீட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பால் வெட்டலாம் என்ற மூன்றும் 28-இல் இருப்பவைதான். கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆட்டக்காரர்கள் பிரிட்ஜை வேகமாகப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

மாறுவது என்ன? 52 சீட்டும் ஆட்டத்தில் உண்டு, ஆளுக்கு 13. ஜாக்கிக்குத் தனி மகிமை கிடையாது. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்ற சாதாரண வரிசைதான். ஏலத்தில் ‘இத்தனை ட்ரிக் எடுப்போம், இதுதான் துருப்பு’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், துருப்பை மறைத்து வைக்கும் வேலை இல்லை. நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் ஒரு சுற்றுதான் ட்ரிக். ஏலம் முடிந்து முதல் சீட்டு விழுந்ததும் ஏலம் எடுத்தவரின் பார்ட்னர் தன் 13 சீட்டையும் மேசைமேல் விரித்துவிடுவார். அவர்தான் டம்மி. ஏலம் எடுத்தவர், அதாவது டிக்ளேரர், தன் கையையும் டம்மியையும் சேர்த்து ஒற்றை ஆளாக ஆடுவார்.

நல்ல சீட்டு வந்தவன் ஜெயிக்கிறான். இதில் திறமை எங்கே வந்தது?

வீட்டில் ஆடினால் நீங்கள் சொல்வது சரி. போட்டியில் ஆடுவது டூப்ளிகேட். ஒரு மேசையில் கலைத்துப் போட்ட சீட்டை நான்கு பைகள் கொண்ட ‘போர்டு’ என்ற தட்டில் செருகி அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு வந்த அதே 13 சீட்டு அங்கே உங்கள் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் போகும். ஒப்பீடு உங்களுக்கும் அவருக்கும்தான், எதிரே ஆடியவரோடு அல்ல. மோசமான கையை வைத்துக்கொண்டு மற்றவர்களைவிடக் குறைவாக இழந்தாலும் அது வெற்றிதான்.

இதனால் சீட்டை நடுவில் குவிக்கக் கூடாது. ஆடிய சீட்டை உங்கள் முன்னாலேயே கவிழ்த்து வையுங்கள்: ஜெயித்த ட்ரிக் என்றால் நெட்டுவாக்கில், தோற்றது என்றால் குறுக்குவாக்கில். அடுத்த போர்டை எடுத்ததும், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, கவிழ்த்தபடி 13 இருக்கிறதா என்று எண்ணுங்கள். எண்ணாமல் பார்த்துவிட்டு ‘எனக்கு 14 இருக்கு’ என்றால் அந்த போர்டு பாழ், டைரக்டரை (போட்டியின் நடுவரை) கூப்பிட வேண்டியதுதான்.

சீட்டாட்டம்னாலே சூது. போலீஸ் வந்தா?

1967-இல் ஆந்திர அரசு, சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அதைச் சொல்லும்போது ஒப்பிடக் காட்டியதே பிரிட்ஜைத்தான்: ரம்மியில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது வரும் அதிர்ஷ்டம் போன்றது என்று. அதே தீர்ப்பில் எச்சரிக்கையும் உண்டு. பணயம் வைத்து ஆடவிட்டு அதில் இடத்துக்காரரோ கிளப்போ லாபம் பார்த்தால் குற்றமாகலாம்.

டூப்ளிகேட் போட்டியில் மேசைமேல் காசு இருக்காது. நுழைவுக் கட்டணம், பரிசு, அவ்வளவுதான்.

52 சீட்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமா? எனக்கு நேற்றுச் சாப்பிட்டதே மறந்துபோகிறது.

வேண்டாம். ஒருவருக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 63,501 கோடிக்கும் மேல், எந்த மனப்பாடமும் அதற்கு ஈடு கொடுக்காது. தேவைப்படுவது 13-இலிருந்து கழித்தல். துருப்பு உங்களுக்கும் டம்மிக்கும் சேர்த்து 8 என்றால் வெளியே 5. ஒவ்வொரு சுற்றிலும் எதிராளி எத்தனை போட்டார் என்று மட்டும் கழித்து வாருங்கள். முதல் சில மாதம் துருப்பை மட்டும் எண்ணுங்கள், பிறகு இன்னொரு சூட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதோடு சில விழுக்காடுகள் வாயில் நிற்க வேண்டும். வெளியே 5 சீட்டு இருந்தால் 3-2 ஆகப் பிரிவது 68%, 4-1 ஆவது 28%. வெளியே 6 என்றால் 4-2 ஆவது 48%, 3-3 ஆவது 36%தான். ‘ஆளுக்குப் பாதி இருக்கும்’ என்று நம்பி ஆறு சீட்டில் கவிழ்பவர்கள் ஏராளம்.

எத்தனை நாளில் போட்டிக்குப் போகலாம்?

வாரத்துக்கு இரண்டு முறை மேசையில் உட்கார்ந்தால் மூன்று நான்கு மாதத்தில் சின்ன போட்டியில் மானத்தோடு ஆடலாம். கடைசி இடம் வந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் போய்விடுவதே நல்லது. வீட்டில் பத்து தடவை கேட்டுப் புரியாதது டைரக்டர் ஒரு தடவை வந்து போனால் புரிந்துவிடும்.

அதற்குள் தெரிந்திருக்க வேண்டியவை இவ்வளவுதான். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1 என்று பாயிண்ட் எண்ணுவது (மொத்தம் 40). சுமார் 12 பாயிண்டில் ஏலம் திறப்பது. சமச்சீர் கையில் 15 முதல் 17 வரை என்றால் 1 நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்). இரண்டு கையும் சேர்ந்து 25 வந்தால் கேம் (பெரிய போனஸ் தரும் ஏலம்). பிறகு ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட் என்ற மூன்று கன்வென்ஷன் (பார்ட்னரோடு முன்பே பேசிவைத்த தனிப்பொருள் கொண்ட ஏலங்கள்). இவற்றுக்கு மேல் புதிது புதிதாகக் கன்வென்ஷன் சேர்ப்பது ஆரம்பக்காரர்களின் வியாதி. பதினைந்து கன்வென்ஷன் தெரிந்து துருப்பு எண்ணத் தெரியாதவரைவிட, மூன்றே தெரிந்து ஒழுங்காக எண்ணுபவர் மேலே வருவார்.

கிளப் மெம்பர் இல்லாதவங்க மலையில் எங்கே போய் ஆடறது?

மலையின் பழைய கிளப்புகள் உறுப்பினர்களுக்கானவை. 1841-இல் தொடங்கிய ஊட்டி கிளப் ஸ்னூக்கர் விதிகளால் உலகப் புகழ் பெற்றது, ஆனால் வெளியாள் கதவைத் தட்டி உள்ளே போய்விட முடியாது. உறுப்பினர் யாராவது விருந்தினராக அழைத்துப் போனால் உண்டு. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். எட்டு பேர் சேர்ந்தால் யார் வீட்டுக் கூடத்திலும் முழுமையான டீம் ஆட்டம் நடத்தலாம்: ஒரு அறையில் ஒரு மேசை, பக்கத்து அறையில் இன்னொன்று.

தேவையான சாமான்: 16 போர்டு, 16 கட்டுச் சீட்டு, மேசைக்கு நான்கு ஏலப் பெட்டி (வாயால் சொல்லாமல் ஏலத்தைக் காட்டும் அட்டைகள் உள்ளது), வழுக்காத மேசை விரிப்பு. போர்டு வாங்க வசதியில்லாவிட்டால் நான்கு கவரை ஒரு அட்டையில் ஒட்டி, திசையையும் வல்னரபிலிட்டியையும் எழுதிக்கொள்ளலாம். வல்னரபிள் என்றால் அந்தத் தரப்புக்கு போனஸும் அபராதமும் கூடுதல். 1-ஆம் போர்டில் வடக்கு முதலில் பேசும், யாரும் வல்னரபிள் இல்லை. 2-இல் கிழக்கு பேசும், வடக்கு-தெற்கு வல்னரபிள். 3-இல் தெற்கு பேசும், கிழக்கு-மேற்கு வல்னரபிள். 4-இல் மேற்கு பேசும், இரு தரப்பும் வல்னரபிள்.

மழைக்காலம் வந்தால் சீட்டு ஊறிப்போய் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

அட்டைச் சீட்டைக் கைவிடுங்கள். ஜூன் தொடங்கி டிசம்பர் வரை பனியும் தூறலுமாக இருக்கும் ஊரில் அது விளிம்பு உப்பி, வளைந்து, இரண்டு சீட்டு ஒன்றாக வரும். ஒருவருக்கு 14, இன்னொருவருக்கு 12 என்று பங்காவதற்கு மலையில் இதுதான் முதல் காரணம். முழு பிளாஸ்டிக் சீட்டு விலை கூடுதல், ஆனால் பல வருடம் உழைக்கும். அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்து உலரவிடலாம்.

ஆட்டம் முடிந்ததும் போர்டிலேயே விட்டுவைக்காமல் மூடியிறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். டால்கம் பவுடர் தூவுவது வேண்டாம், ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். ஏலப் பெட்டி அட்டைகளுக்கும் இதே பராமரிப்புதான்.

நெட்டில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் ஆடினால் போதாதா?

பயிற்சிக்கு அதைவிட நல்லது இல்லை. மலையில் இருப்பவருக்கு உலகத் தரமான எதிராளிகள் வேறு எங்கும் கிடைக்க மாட்டார்கள். பெரிய போட்டிகள் நடக்கும்போது நல்ல ஆட்டக்காரர்களின் மேசையைப் பார்க்கவும் முடியும். கரண்ட் போனால் ரூட்டரும் போகும், எனவே ரூட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ்., கூடவே போன் டேட்டா தயாராக இருக்கட்டும். பாதியில் காணாமல் போகிற பார்ட்னரோடு இரண்டாம் முறை யாரும் உட்கார மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், கணினி உங்களைத் தப்பு செய்யவே விடாது. முறை மாறிச் சீட்டுப் போட முடியாது, சூட் இருக்கும்போது வேறு போட முடியாது. நெட்டிலேயே வளர்ந்தவர் முதல் நேரடிப் போட்டியில் ரிவோக் செய்வார். ரிவோக் என்றால் கையில் அந்த சூட் இருந்தும் வேறு சீட்டுப் போடுவது. நீங்களோ உங்கள் பார்ட்னரோ அடுத்த ட்ரிக்குக்குச் சீட்டுப் போடுவதற்கு முன் கவனித்தால் திருத்தலாம். தாண்டிவிட்டால் தண்டனை: அந்த ட்ரிக்கை ரிவோக் செய்தவரே ஜெயித்திருந்தால் பொதுவாக இரண்டு ட்ரிக் எதிர்த்தரப்புக்குப் போகும், இல்லையென்றால் ஒன்று.

பார்ட்னர் எப்படித் தேடுவது? கணவன் மனைவி சேர்ந்து ஆடலாமா?

பிரிட்ஜில் ஒரு ஆளின் வளர்ச்சி என்று தனியாக எதுவும் இல்லை, ஜோடியின் வளர்ச்சிதான். உங்களைவிட நன்றாக ஆடுபவரைத் தேடி அலைவதைவிட, வாரம் தவறாமல் வருபவரைப் பிடியுங்கள். திறமை வந்து சேரும், ஒழுங்கு வராது.

சேர்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது எழுதுவது. நாம் 1 நோ டிரம்ப் திறந்து எதிராளி குறுக்கே பேசினால் நம் டபுளுக்கு (அவர் ஏலத்தின் மதிப்பை இரட்டிக்கும் அழைப்பு) என்ன பொருள்? அவர்கள் நம் மேஜர் சூட்டின்மேல் (இஸ்பேடு அல்லது ஹார்ட்) டபுள் சொன்னால் ரீடபுள் என்ன? பார்ட்னர் ஏஸ் போட்டால் நான் போடும் பெரிய சீட்டு ‘தொடரு’ என்பதா, ‘நிறுத்து’ என்பதா? இந்த மாதிரி இருபது கேள்விக்கு இருவரும் தனித்தனியே பதில் எழுதி ஒப்பிட்டால், பாதியில் கருத்து வேறுபடும். அந்தப் பாதிதான் போட்டியில் உங்களைத் தோற்கடிக்கும். பேசாமல் ‘நீ புரிஞ்சிருப்பேன்னு நெனச்சேன்’ என்பது மேசையில் அதிகம் கேட்கும் வாக்கியம்.

கணவன் மனைவி ஆடலாம், கலப்பு ஜோடிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நிபந்தனை ஒன்றுதான், எல்லா ஜோடிக்கும் பொருந்துவது: போர்டு முடிந்த கையோடு விசாரணை கூடாது. சந்தேகமான போர்டின் எண்ணை ஸ்கோர் ஷீட்டில் வட்டமிட்டுவிட்டு, ஆட்டம் எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது பேசுங்கள். கார் ஓட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் பேசாதீர்கள்.

பேர்ஸ், டீம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கணக்கு வேறு. பேர்ஸில், அதாவது ஜோடிப் போட்டியில், ஒரு போர்டை ஆடிய மற்ற ஒவ்வொரு ஜோடியோடும் ஒப்பிடுவார்கள்: நீங்கள் அதிகம் எடுத்திருந்தால் 2, சமம் என்றால் 1, குறைவென்றால் 0. எவ்வளவு அதிகம் என்பது முக்கியமில்லை. எல்லாரும் 4 இஸ்பேடில் (ஏல எண்ணோடு ஆறு சேர்த்து, பத்து ட்ரிக்) 420 எடுத்திருக்க, நீங்கள் 3 நோ டிரம்பில் பத்து ட்ரிக் எடுத்து 430 வாங்கினால், அந்தப் பத்துப் புள்ளிக்கே முழு மதிப்பெண்.

டீமில் உங்கள் டீமின் ஒரு ஜோடி வடக்கு-தெற்காக ஒரு மேசையில், இன்னொரு ஜோடி கிழக்கு-மேற்காக மற்ற மேசையில். இரண்டு மேசை வித்தியாசத்தை ஐஎம்பி என்ற அளவுக்கு மாற்றுவார்கள். 10 புள்ளி வித்தியாசம் என்றால் 0, 20 முதல் 40 வரை 1, 220 முதல் 260 வரை 6, 430 முதல் 490 வரை 10. அங்கே 430-க்கும் 420-க்கும் பேதமே இல்லை. எடுத்த ஏலத்தை நிறைவேற்றுவதுதான் எல்லாம்.

டீம் ஆட்டத்தில் 23 பாயிண்டுக்கே கேம் கூப்பிடுகிறார்களே, கிறுக்குத்தனம் இல்லையா?

இல்லை, மேலே சொன்ன கணக்கின் விளைவு. நீங்கள் வல்னரபிள், கை 4 இஸ்பேடு ஆகலாம் ஆகாமலும் போகலாம் என்று வையுங்கள். கூப்பிட்டு ஆகிவிட்டால் 620, மற்ற மேசையில் பார்ட்-ஸ்கோரில் (கேமுக்குக் கீழான ஏலத்தில்) நின்றவர் 170. வித்தியாசம் 450, உங்களுக்கு 10 ஐஎம்பி. கூப்பிட்டு ஒன்று குறைந்தால் உங்களுக்கு மைனஸ் 100, அவருக்கு 140. வித்தியாசம் 240, இழப்பு 6. பத்து வருவதற்கு ஆறு பணயம் என்றால், 37.5% வாய்ப்பிருந்தாலே கட்டுப்படியாகும்.

வல்னரபிள் இல்லாவிட்டால் லாபம் 6, இழப்பு 5, ஆக 45% வேண்டும். பேர்ஸில் ஏறக்குறைய 50%. ஒரே கை, மூன்று விதமான சரியான முடிவு. உட்காரும் முன்பு இன்று என்ன ஆட்டம், இந்த போர்டில் யார் வல்னரபிள் என்று பாராதவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பயனில்லை.

கையில் ஏஸ் இருக்கும்போது நல்ல ஆட்டக்காரர்கள் எடுக்காமல் விடுகிறார்களே, ஏன்?

ஒரு கையைப் பார்ப்போம். நீங்கள் 3 நோ டிரம்ப் ஆடுகிறீர்கள், தேவை 9 ட்ரிக். இடதுபக்கத்தவர் இஸ்பேடு போடுகிறார். உங்களிடம் ஏஸ், 7, 4. டம்மியில் 6, 3. வெளியே 8, பெரும்பாலும் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 3. உங்களுக்கு டைமன் சூட்டில் ட்ரிக் எழுப்ப வேண்டும், அதில் வலப்பக்கத்தவரின் ராஜாவுக்கு ஒரு ட்ரிக் கொடுத்தாக வேண்டும்.

முதல் சுற்றிலேயே ஏஸைப் போட்டால், வலப்பக்கத்தவர் டைமன் ராஜாவால் ஜெயித்து மீதமுள்ள இஸ்பேடைத் திருப்பிப் போடுவார். இடப்பக்கத்தவர் நான்கு இஸ்பேடு எடுப்பார். நான்கும் ஒன்றும் ஐந்து, நீங்கள் ஒன்று குறைவு. இரண்டு சுற்று விட்டு மூன்றாவதில் எடுத்தால், ராஜாவால் ஜெயிக்கும்போது அவர் கையில் இஸ்பேடே இருக்காது. அப்படியும் இருக்கிறதென்றால் 4-4 ஆகப் பிரிந்திருக்கிறது, மொத்த இழப்பு மூன்று இஸ்பேடும் ஒரு டைமனும்தான், ஆட்டம் பிழைத்தது. எத்தனை தடவை விடுவது? உங்களுக்கும் டம்மிக்கும் சேர்த்து அந்த சூட்டில் உள்ளதை 7-இலிருந்து கழியுங்கள். இங்கே ஐந்து, எனவே இரண்டு தடவை. அதைவிடப் பலவீனமான வேறு சூட் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிட்டு உடனே எடுங்கள்.

மலையிலிருந்து போட்டிக்குப் போய்வருவது எப்படி?

முந்தின நாளே இறங்கிவிடுங்கள். சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸ், கொடைக்கானல்காரர்களுக்குக் கொடை ரோடு ஸ்டேஷன். அக்டோபர், நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டிவரும், இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டீம் தாமதமாக வந்தால் ஐஎம்பி வெட்டுவார்கள், மண்சரிவு என்ற சமாதானம் டைரக்டரிடம் எடுபடாது. டீமுக்கு நான்கு பேர் போதும், ஆனால் மலையிலிருந்து போகிறவர்கள் ஆறு பேராகப் பதிவு செய்வது புத்திசாலித்தனம்.

கோவை பார்ட்னர் பயிற்சிக்குச் சொந்தக் காரில் மேலே வருவதானால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. பஸ்ஸுக்கு வேண்டாம்.

இதில் சம்பாதிக்க முடியுமா? வேலையை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பரிசுத் தொகை டீமில் ஆறாகப் பிரியும், அதில் ரயில், தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் போனால் மிச்சம் சொற்பம். காசு வருவது இரண்டு வழியில். வசதியுள்ள ஸ்பான்சர் ஒருவர் டீம் கட்டி, நல்ல ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமும் செலவும் கொடுப்பார், பல சமயம் தானும் ஆடுவார். இன்னொன்று, கற்றுக்கொடுப்பது. முதலாவது பெயர் எடுத்த ஒரு சிலருக்கே. நாட்டுக்கு ஆடிய பலரும் வேலையோ வியாபாரமோ வைத்துக்கொண்டு லீவு போட்டு ஆடியவர்கள்தான்.

இந்தியாவுக்கு ஆட வழி என்ன? 58 வயசுக்கு மேல் நடக்குமா?

இந்திய பிரிட்ஜ் ஃபெடரேஷன் நடத்தும் தேர்வுப் போட்டிகளில் ஜோடியாகவோ டீமாகவோ ஜெயித்துத்தான் வர வேண்டும். பொது, மகளிர், கலப்பு, மூத்தோர் என்று பிரிவுகள் உண்டு, இளையோருக்கு வயது வாரியாகத் தனி. அங்கிருந்து ஆசிய, மத்தியக் கிழக்கு மண்டலம், அதில் தகுதி பெற்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெர்முடா பவுல் மாதிரி உலகப் போட்டி.

வயது? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்ந்தபோது ஆடவர் ஜோடியில் தங்கம் வாங்கிய பிரணாப் பர்தனுக்கு வயது 60, சிப்நாத் சர்க்காருக்கு 56. அதே போட்டியில் ஆடவர் டீமும் கலப்பு டீமும் வெண்கலம். 2023-இல் நடந்த ஹாங்சோ போட்டியில் ஆடவர் டீம் வெள்ளி. 14 வயதுப் பிள்ளைக்கும் இதே பாதைதான், அவர்களுக்கு எண்ணுவது இன்னும் சுலபமாக வரும்.

மேசைக்கு நடுவில் ஏன் ஸ்கிரீன்? யோசித்து ஆடினாலும் குற்றமா?

யோசிப்பது குற்றமில்லை. பார்ட்னர் யோசித்ததிலிருந்து நீங்கள் பாடம் படிப்பதுதான் குற்றம். அவர் நீண்ட நேரம் தயங்கி ‘பாஸ்’ சொன்னால், ‘ஏதோ வைத்திருக்கிறார்’ என்ற தகவல் உங்களுக்கு வந்துவிடுகிறது. அதை நம்பி நீங்கள் மேலே கேட்டால் எதிராளி டைரக்டரைக் கூப்பிடுவார், முடிவு மாற்றப்படலாம். டைரக்டரைக் கூப்பிட்டதற்கு யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை, அது திட்டும் அல்ல புகாரும் அல்ல.

பெரிய போட்டியில் மேசைக்குக் குறுக்கே மூலைவாட்டில் ஸ்கிரீன் வைத்து, பார்ட்னர் முகம் தெரியாமல் செய்கிறார்கள். ஏல அட்டைகள் ஒரு தட்டில் வைத்து அடியில் தள்ளப்படும். அதற்குள்ளும் திருட்டு நுழைந்தது. 2015-இல் இஸ்ரேல் ஜோடி லோட்டன் ஃபிஷரும் ரான் ஷ்வார்ட்ஸும், போர்டை மேசையில் வைக்கும் இடத்தை வைத்தே எந்த சூட் வேண்டும் என்று பேசிக்கொண்டது வீடியோவில் சிக்கியது, தடை விதிக்கப்பட்டது. அதனால் போர்டை நடுவில் வைத்து, ஆட்டம் முடியும்வரை அசைக்காமல் இருப்பதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கும் டோப் டெஸ்டா? நான் பி.பி. மாத்திரை போடுகிறேனே.

உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான ‘வாடா’வின் விதிகளை உலக பிரிட்ஜ் ஃபெடரேஷன் ஏற்றிருக்கிறது. உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த நார்வேயின் கெய்ர் ஹெல்கெமோ 2018-இல் சோதனையில் சிக்கி 2019 நவம்பர் வரை தடைபட்டார். டெஸ்டோஸ்டிரோன் சம்பந்தப்பட்ட மருந்து அது, சீட்டாட்டத்துக்கு எந்த உதவியும் செய்யாதது.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது பி.பி. மாத்திரைதான். டெல்மிசார்ட்டான் மட்டும் என்றால் கவலை இல்லை. பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று வந்தால், உள்ளே ஹைட்ரோகுளோரோதயாசைட் என்ற, சிறுநீரைக் கூட்டும் மருந்து இருக்கும், அது எல்லா விளையாட்டிலும் தடைப் பட்டியலில் உள்ளது. உள்ளூர்ப் போட்டியில் சோதனை இருக்காது. நாட்டுக்கான தேர்வை நெருங்கும்போது மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டி, மாற்று மருந்து முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் மருத்துவ விலக்குக்கு, சான்றிதழ்களோடு போட்டிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு உட்காராதீர்கள்.